ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது… நைனா மட்டும் ஏன் இப்படிப் பேசுறாரு?

கொஞ்சம் நீளமான இழை. வீட்டுல 65 வயசு தாண்டினவங்க இருந்தா, அவங்களுக்கு இப்போதைக்கு ஆபரேஷன் எதுவும் இல்லைன்னாலும் சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

பொதட்டூர்பேட்டையில் இருக்கிற எனக்கு இப்படி ஒரு போன் அடிக்கடி வரும்.

"இடுப்பு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது சார். மறுநாள் காலையில காபி குடிச்சாரு, நல்லா பேசினாரு. அன்னைக்கு ராத்திரியிலிருந்து நைனா ஒரு மாதிரி ஆயிட்டாரு. சுவத்துல எறும்பு ஊறுதுங்கிறாரு. தறி ஓடுது, போய் நிறுத்துடான்னு கத்துறாரு. கையில இருக்கிற ஊசியைப் பிடுங்கிப் போடுறாரு. மயக்க மருந்து ஜாஸ்தியா குடுத்துட்டாங்களா சார்?"

இந்த நிலைமையில குடும்பம் மூணுல ஒரு முடிவுக்கு வந்துடும். ஒண்ணு, மயக்க மருந்து ஓவர் டோஸ். ரெண்டு, வயசாயிடுச்சு, புத்தி பேதலிச்சுப் போச்சு. மூணாவதை எனக்கு போன்ல சொல்ல மாட்டாங்க, பக்கத்து வீட்டுல சொல்வாங்க: அந்தக் கட்டில்ல எவனோ செத்திருக்கான், காத்து பட்டிருக்கு.

மூணுமே இல்லை. இதுக்குப் பேர் டெலிரியம். நம்ம பாட்டிங்க "ஜன்னி கண்டுடுச்சு, பிதற்றுறாரு"ன்னு சொன்னது பெரும்பாலும் இதைத்தான். லத்தீன்ல இந்தச் சொல்லுக்கு "உழவுச் சாலை விட்டு விலகிப் போறது"ன்னு அர்த்தம். ஏர் நேரா போயிட்டு இருந்தது, திடீர்னு வரப்புப் பக்கம் இழுத்துடுச்சு. அவ்வளவுதான். மாடும் இருக்கு, ஏரும் இருக்கு. பெரும்பாலானவங்களை மறுபடி சாலுக்குக் கொண்டு வந்துடலாம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் காரணத்துக்கு வரேன். இந்தக் குழப்பம் யாருக்கு வரும்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே பெருமளவு கணிக்க முடியும். கணிக்கத் தேவையான தகவல்ல பாதி குடும்பத்துக்கிட்டதான் இருக்கு. நம்ம ஆஸ்பத்திரிகள் அதைக் கேட்கிறதும் இல்லை, அந்தக் குடும்பத்தை உள்ளே விடுறதும் இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னாடி என்னென்ன டெஸ்ட் எடுக்கிறோம்? இசிஜி, எக்கோ, சுகர், கிரியாட்டினின், மார்பு எக்ஸ்ரே. "கார்டியாக் ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க"ன்னு அனுப்புவாங்க. இதயத்தைப் பத்தி அவ்வளவு கவலை. மாடி ஏறினா மூச்சு வாங்குதான்னு கேட்போம். எங்க பக்கம்னா "திருத்தணி மலைப்படி 365-ம் ஏறுவீங்களா?"ன்னு கேட்டாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். மூளை எப்படி இருக்குன்னு யாராவது கேட்டாங்களா? "சமீபமா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றாரா? கடைக்குப் போயிட்டு வழி தடுமாறினாரா? பென்ஷன் பணத்தை எண்ண முடியுதா?" இந்த மூணு கேள்விக்குச் செலவு சைபர் ரூபாய்.

ஏன் இது முக்கியம்? பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை நினைச்சுக்கோங்க. கரண்ட் இருக்கிற வரைக்கும் எல்லா விளக்கும் பளிச்சுனு எரியும். பேட்டரி தேஞ்சு போனது கரண்ட் போன அன்னைக்குத்தான் தெரியும். ஆபரேஷன்தான் அந்த கரண்ட் கட். ரத்த இழப்பு, வலி, தூக்கமின்மை, உடம்பு முழுக்கப் பரவுற அழற்சி, புது மருந்துகள் எல்லாம் ஒரே நேரத்துல வந்து விழும். முப்பது வயசு மூளை தாங்கிடும். ஏற்கெனவே கொஞ்சம் மறதி ஆரம்பிச்ச எழுபத்தெட்டு வயசு மூளைக்கு ஒரே ஒரு அலர்ஜி ஊசி கூட போதும்.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. 1955-லயே ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பெட்ஃபோர்டுங்கிற டாக்டர், ஆபரேஷனுக்கு அப்புறம் "அவர் பழைய மாதிரி இல்லை"ன்னு குடும்பம் புலம்பின முதியவர்களைப் பத்தி லான்செட் இதழ்ல எழுதிட்டார். பெரிய ஆபரேஷன்களைத் திட்டமிட்டுச் செய்யும்போது முதியவர்கள்ல 15 முதல் 25 சதவீதம் பேருக்கு டெலிரியம் வரும்னு கணக்கு. இடுப்பு எலும்பு முறிவு, இதய ஆபரேஷன் மாதிரி கடுமையான விஷயங்கள்ல அது பாதிப் பேர் வரைக்கும் போகும். இவ்வளவு சகஜமான ஒரு சிக்கலைப் பத்தி கையெழுத்து வாங்குற ஒப்புதல் படிவத்துல பல இடத்துல ஒரு வரி கூட இருக்காது.

சரி, "மயக்க மருந்துதான் காரணம்"ங்கிற சந்தேகத்தை முடிச்சிடுவோம். "சார், ஃபுல் மயக்கம் வேணாம், இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப் போற ஊசி போடச் சொல்லுங்க, மூளைக்கு நல்லது"ன்னு நிறையப் பேர் கேட்பாங்க. நியாயமான எண்ணம்தான். ஆனா இடுப்பு எலும்பு முறிஞ்ச 1600 பேரை வச்சு அமெரிக்காவிலயும் கனடாவிலயும் செஞ்ச ரீகெய்ன் ஆய்வு 2021-ல வந்தது. முதுகு ஊசி போட்டவங்கள்ல 20.5 சதவீதம், முழு மயக்கம் கொடுத்தவங்கள்ல 19.7 சதவீதம். அதாவது வித்தியாசமே இல்லை. சீனாவுல செஞ்ச இன்னொரு ஆய்வும் அதையேதான் சொன்னது. அதனால எந்த மயக்கம்ங்கிறதை மயக்கவியல் மருத்துவர்கிட்ட விட்டுடுங்க. நீங்க சண்டை போட வேண்டிய இடம் வேற.

அந்த இடங்கள்ல முதலாவது, நம்ம ஊருக்குன்னே உள்ளது. காது.

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். தெருவுல நடந்தாலே விசைத்தறிச் சத்தம் கூடவே வரும். தினம் 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல சத்தத்துல இருந்தா வருஷங்கள்ல காது நரம்பு தேயும். விசைத்தறிக் கூடத்துச் சத்தம் அதைத் தாண்டிடும். நாப்பது வருஷம் தறியில நின்னவருக்கு எழுபது வயசுல காது மந்தமா இருக்கிறது இங்க ஒரு செய்தியே இல்லை. "பெருசுக்குக் காது கேக்காது, சத்தமா சொல்லு"ன்னு விட்டுடுவோம். காது மிஷின் வாங்கித் தரணும்னு கூடத் தோணாது.

காது கேட்காததும் கண் தெரியாததும் டெலிரியத்துக்கான முக்கியமான ஆபத்துக் காரணிகள். யோசிச்சுப் பாருங்க. கண்ணாடியைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வந்தாச்சு. பல் செட்டைத் தியேட்டர் வாசல்ல கழட்டி மகள் கைப்பையில போட்டாச்சு. நடுராத்திரி கண் முழிச்சா வெள்ளை வெளிச்சம், பீப் பீப்னு ஒரு மிஷின், மங்கலா ஒரு உருவம் கையைப் பிடிக்குது. என்ன சொல்லுதுன்னு கேட்கலை. அந்த உருவத்துக்குப் பாதி முகம் வேற இல்லை, மாஸ்க். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? கையை உதறிட்டு எழுந்து ஓடத்தானே பார்ப்பீங்க.

மாஸ்க் விஷயத்துல நெசவுக்காரங்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தறிச் சத்தத்துல வேலை செஞ்சவங்க உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிச்சுக்குவாங்க. இங்கிலாந்துல லங்காஷயர் பஞ்சாலை நெசவாளர்கள் இதை ஒரு தனி பாஷையாவே வச்சிருந்தாங்க, "மீ-மா"ன்னு பேர். நம்ம ஊர்ல பேர் வைக்கலை, பழக்கம் இருக்கு. அப்படிப்பட்டவர் முன்னாடி மாஸ்க்கோட நின்னு "தாத்தா, உங்க பேர் என்ன?"ன்னு கேட்டா அவர் திருதிருன்னுதான் முழிப்பார். கேஸ் ஷீட்ல "நோயாளி குழப்பத்தில் இருக்கிறார்"னு ஏறிடும்.

ரெண்டாவது, மொழி. இதை மத்த ஊர்க்காரங்க அவ்வளவா யோசிக்க மாட்டாங்க. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்தது. ம.பொ.சி. போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. இன்னைக்கு எழுபத்தஞ்சு, எண்பது வயசுல இருக்கிறவங்க அந்தக் காலத்துல சின்னப் பிள்ளைங்க. சில பேருக்கு முதல்ல கத்துக்கிட்ட எழுத்தே தெலுங்கு. பல வீட்டுல இன்னைக்கும் வீட்டுக்குள்ள தெலுங்கு, வாசப்படி தாண்டினா தமிழ். மூளை தடுமாறும்போது ஆழத்துல இருக்கிற மொழி மேல வரலாம். சென்னையில ராத்திரி டியூட்டியில இருக்கிற நர்ஸ் தங்கச்சிக்கு அது புரியாது. "ஏதோ உளர்றார்"னு எழுதுவாங்க. அவர் "நீள்ளு, நீள்ளு"ன்னு கேட்டது தண்ணி. பக்கத்துல வீட்டு ஆள் ஒருத்தர் இருந்திருந்தா ஒரு டம்ளர் தண்ணியில முடிஞ்சிருக்கும்.

தண்ணின்னு சொன்னதும் இதையும் சொல்லிடறேன். "நைட் பத்து மணிக்கு மேல பச்சத்தண்ணி கூட குடுக்காதீங்க"ன்னு சொல்லி அனுப்புவாங்க. ஆபரேஷன் மறுநாள் மத்தியானம் மூணு மணிக்குத் தள்ளிப் போகும். 17 மணி நேரம் தொண்டை நனையாம ஒரு எண்பது வயசு அம்மா. இன்னைக்குள்ள மயக்கவியல் வழிகாட்டுதல்கள்படி, வேற தடை இல்லாதவங்க மயக்கம் கொடுக்கிறதுக்கு 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் வெறும் தண்ணி குடிக்கலாம். நீங்களா முடிவு பண்ணாதீங்க. ஆனா மயக்க டாக்டர்கிட்ட "எத்தனை மணி வரைக்கும் தண்ணி கொடுக்கலாம் டாக்டர்?"னு வாய் திறந்து கேளுங்க. நேரம் தள்ளிப் போனா மறுபடி கேளுங்க. உடம்புல தண்ணி வத்தறது, சோடியம் குறையறது ரெண்டுமே மூளையைக் குழப்பும். பிபிக்கு நீர் பிரியுற மாத்திரையும் போட்டுக்கிட்டு "பிபி இருக்கே"ன்னு உப்பையும் பாதியாக் குறைச்சு வச்சிருக்கிற பெரியவங்களுக்கு சோடியம் ஏற்கெனவே விளிம்புல நிக்கும்.

மூணாவது, மாத்திரைப் பை.

எல்லா வீட்டுலயும் ஒரு மஞ்சப்பை இருக்கும். அதுல மூணு டாக்டர் எழுதினதும், மெடிக்கல் ஷாப் தம்பி கொடுத்ததும், போன வருஷம் சித்தப்பா பையன் கொடுத்ததும் கலந்து கிடக்கும். ஆஸ்பத்திரியில கேட்டா "பிபி மாத்திரையும் சுகர் மாத்திரையும் மட்டும்தான்"னு சொல்லிடுவாங்க. தூக்கம் வரலைன்னு அஞ்சு வருஷமா ராத்திரி போடுற அல்பிரசோலம் பாதி மாத்திரை கணக்குல வராது. அதை ஆஸ்பத்திரியில சட்டுனு நிறுத்தினாலும் குழப்பம் வரும், அதிகமாக் கொடுத்தாலும் வரும். டாக்டருக்குத் தெரிஞ்சாதான் சமாளிக்க முடியும். சளி மாத்திரையில இருக்கிற குளோர்பெனிரமின், அரிப்புக்கும் ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடியும் சகஜமாப் போடுற பெனிரமின் (அவில் ஊசின்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும்), நரம்பு வலிக்குக் கொடுக்கிற அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாததுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள்... இதெல்லாம் நினைவுக்கும் கவனத்துக்கும் தேவையான அசிட்டைல்கோலின்ங்கிற ரசாயனத்தை மறிக்கிற மருந்துகள். வயசானவங்களுக்கு முடிஞ்ச வரைக்கும் தவிர்க்க வேண்டிய மருந்துகள்னு அமெரிக்காவுல 1991-ல இருந்து பீயர்ஸ் பட்டியல்னு ஒண்ணு இருக்கு, அவ்வப்போது புதுப்பிக்கிறாங்க. அதுல இந்தக் கூட்டம் வருஷக்கணக்கா இருக்கு.

அதனால மஞ்சப்பையை அப்படியே கொண்டு போய் டாக்டர் மேஜையில கொட்டுங்க. வெக்கப்படாதீங்க.

வெக்கம்னா இன்னொண்ணு. குடி.

"உங்க அப்பா குடிப்பாரா?" "சேச்சே… எப்பவாவது விசேஷத்துக்கு சார்." இப்படிச் சொல்ற வீட்டுல தினம் சாயங்காலம் ஒரு குவார்ட்டர் போயிட்டிருக்கும். வெள்ளிக்கிழமை கீழே விழுந்தார், சனிக்கிழமை ஆபரேஷன், திங்கக்கிழமை ராத்திரி கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, சுவத்துல பூச்சி தெரியுது. குடி திடீர்னு நின்ன ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள பொதுவா இது வரும். உயிருக்கே ஆபத்தானது. முன்னாடியே தெரிஞ்சா தயமின் ஊசியும் சரியான அளவுல மருந்தும் கொடுத்து வரவிடாமலே பார்த்துக்கலாம். டாக்டர்கிட்ட குடும்ப மானத்தைக் காப்பாத்தப் போய் அப்பாவை இழந்துடாதீங்க. தினம் ஒரு கட்டு பீடி, எந்நேரமும் வாயில புகையிலைன்னு இருந்தவங்களைப் பத்தியும் சொல்லுங்க.

இப்போ எங்க எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு விஷயம். பாட்டி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா, பல வீட்டுல முதல் வண்டி போறது எல்லை தாண்டி புத்தூருக்கு. கட்டுக் கட்ட. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் கட்டு நல்லதா கெட்டதாங்கிற விவாதத்துக்கு இந்த இழையில நான் வரலை. ஆனா தொடை எலும்பின் கழுத்து, சதைக்கு அவ்வளவு உள்ளே இருக்கிற எலும்பு. வெளியில எத்தனை சுத்து சுத்தினாலும் அது அசையாம நிக்காது. பத்து நாள் படுத்த படுக்கையா, வலியில தூங்காம, மலம் கட்டி, நெஞ்சுல சளி கட்டி, அப்புறம் ஆபரேஷனுக்கு வர்ற பாட்டிக்கு டெலிரியம் வரலைன்னாதான் ஆச்சரியம்.

இதுக்குக் கணக்கு இருக்கு. ஹிப் அட்டாக்னு ஒரு ஆய்வு, 2020-ல லான்செட்ல வந்தது. இந்தியா உட்பட 17 நாடு, 2970 பேர். ஒரு பாதிக்கு எலும்பு முறிவு உறுதியான பிறகு சுமார் 6 மணி நேரத்துல ஆபரேஷன், இன்னொரு பாதிக்கு வழக்கப்படி சுமார் 24 மணி நேரத்துல. உயிரிழப்புல வித்தியாசம் இல்லை. டெலிரியம் மட்டும் 12 சதவீதத்துல இருந்து 9-ஆ குறைஞ்சது. அவங்க ஒப்பிட்டது ஆறு மணி நேரத்தையும் இருபத்துநாலு மணி நேரத்தையும். நாம பேசிட்டு இருக்கிறது பத்து நாள்.

வலி பத்தியும் ஒரு தப்பான எண்ணம் இருக்கு. "வலி ஊசி ஜாஸ்தி போட்டா மூளை கெட்டுடும், பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கோம்மா." 2003-ல வந்த ஒரு ஆய்வு, இடுப்பு முறிஞ்ச 541 பேரைப் பார்த்தது. புத்தி தெளிவா இருந்தவங்கள்ல, கடுமையான வலியோட விடப்பட்டவங்களுக்கு டெலிரியம் வர்ற வாய்ப்பு ஒன்பது மடங்கு அதிகம். வலி மருந்து ரொம்பக் குறைவாக் கிடைச்சவங்களுக்கும் அதிகமாவே இருந்தது. பொறுத்துக்கிறது வீரமா இருக்கலாம், மூளைக்கு நல்லது கிடையாது. எந்த வலி மருந்து, எவ்வளவுங்கிறது டாக்டர் வேலை. "அம்மாவுக்கு வலிக்குது"ன்னு மறுபடி மறுபடி போய்ச் சொல்றது உங்க வேலை.

கூச்சல் போடுறவரை எல்லாரும் கவனிப்பாங்க. எனக்குப் பயம் இன்னொரு வகை மேலதான். "பாட்டி ரொம்ப அமைதியா தூங்குறாங்க சார், தொந்தரவே இல்லை." எழுப்பினா கண்ணைத் திறக்கும், சாப்பாட்டை வாயில வச்சா மெல்லாம அப்படியே வச்சிருக்கும், கேட்ட கேள்விக்குப் பதில் பாதியில நிக்கும். இதுவும் டெலிரியம்தான். முதியவர்கள்கிட்ட இந்த அமைதி வகை ரொம்ப சகஜம், கவனத்துல இருந்து தப்பிப் போறதும் இதுதான். நேத்து வரைக்கும் வாயாடின பாட்டி இன்னைக்கு அமைதியானா அது நல்ல சேதி இல்லை. உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்க.

வீட்டு ஆளே செய்யக்கூடிய ஒரு சின்ன சோதனை: கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்க. சனி, வெள்ளி, வியாழன்னு. படிக்காதவங்களும் சொல்வாங்க. டெலிரியம் வந்தவங்க வெள்ளியில இருந்து மறுபடி சனிக்கே வந்துடுவாங்க, இல்லைன்னா பாதியில சுவத்தைப் பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. மறதி நோய்க்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் இதுலதான் இருக்கு. இங்க முதல்ல அறுந்து போறது கவனம். அதுவும் மணிக்கு மணி மாறும். ரவுண்ட்ஸ் வர்ற காலை ஒன்பது மணிக்குத் தெளிவா இருப்பார், டாக்டர் போன பிறகு சாயங்காலம் ஆரம்பிக்கும். அதனால நீங்க பார்த்ததைச் சொல்லணும். முடிஞ்சா நேரத்தோட ஒரு தாள்ல எழுதி வைங்க. (பிறந்த தேதியைக் கேட்டு சோதிக்கிறது நம்ம ஊருக்குச் சரிப்படாது. பள்ளிக்கூடத்துல வாத்தியார் போட்டுக் கொடுத்த தேதி அது, தெளிவா இருக்கும்போதே யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆடிக் கிருத்திகை முடிஞ்சுதா வரப்போகுதான்னு கேளுங்க, கரெக்டா சொல்வாங்க.)

வந்த பிறகு என்ன வைத்தியம்? முதல்ல காரணத்தைத் தேடணும். ஆக்ஸிஜன், சுகர், சோடியம், காய்ச்சல், நெஞ்சுச் சளி, புதுசா ஆரம்பிச்ச மருந்து. முகமோ கையோ ஒரு பக்கம் இழுத்தா அது பக்கவாதமா இருக்கலாம், ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்கக் கூடாது. எளிமையான காரணங்களும் உண்டு. ஒரு எழுபத்தெட்டு வயசு பெரியவர் ராத்திரி பூரா வேட்டியை அவுத்து அவுத்துப் போட்டுக்கிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். வார்டே "தாத்தாவுக்குப் புத்தி பிசகிடுச்சு"ன்னது. தொப்புளுக்குக் கீழ கை வச்சுப் பார்த்தா கல்லு மாதிரி. ஆபரேஷனுக்கு அப்புறம் சிறுநீர் அடைச்சிருந்தது, சொல்லத் தெரியலை. ட்யூப் போட்டு ஒரு லிட்டர் வெளியேறின பிறகு கண்ணை மூடித் தூங்கினார். மலச்சிக்கலும் இதே வேலையைச் செய்யும்.

கையைக் கட்டில்ல கட்டிப் போடுறதும், "அமைதியாக்க" ஒரு தூக்க ஊசி போடுறதும்தான் நான் கடுமையா எதிர்க்கிற ரெண்டு விஷயம். கட்டினா பயம் கூடும், முண்டுவார், விழுவார். தூக்க ஊசி, குடி நின்னதால வந்த குழப்பத்துக்குத்தான் மருந்து. மத்தவங்களுக்கு அதுவே குழப்பத்தை நீட்டிக்கும். ஹாலோபெரிடால் மாதிரி மனநல மருந்துகள் டெலிரியத்தைச் சீக்கிரம் குணப்படுத்துதான்னு தீவிர சிகிச்சைப் பிரிவுகள்ல 566 பேருக்குப் பரிசோதிச்சாங்க. 2018-ல முடிவு வந்தது: வெறும் உப்புத் தண்ணி ஊசிக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லை. தனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்து விளைவிக்கிற நேரத்துல மட்டும் குறைஞ்ச அளவுல, அதுக்கு மேல இல்லை.

அப்போ எதுதான் வேலை செய்யுது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு. ஷரான் இனோயேங்கிற டாக்டர், அமெரிக்காவுல யேல் நியூ ஹேவன் ஆஸ்பத்திரியில, 70 வயசு தாண்டின 852 உள்நோயாளிகள்கிட்ட செஞ்சது. 1999-ல வெளியாச்சு. இவங்க ஆபரேஷன் நோயாளிகள் கிடையாது, பொது மருத்துவ வார்டுல இருந்தவங்க. ஆனா பாடம் எல்லா வார்டுக்கும் பொருந்தும். அவங்க கொடுத்த "மருந்து" என்ன தெரியுமா? தினம் ஒருத்தர் வந்து இன்னைக்கு என்ன கிழமை, எங்க இருக்கீங்கன்னு பேசறது. கண்ணாடியை மாட்டி விடறது. காது கேட்க உதவறது. தண்ணி குடிக்க வைக்கிறது. கையைப் பிடிச்சு நடக்க வைக்கிறது. ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதிலா சூடா பால், முதுகைத் தடவி விடறது, வார்டுல சத்தத்தைக் குறைக்கிறது. டெலிரியம் 15 சதவீதத்துல இருந்து 9.9 சதவீதமாக் குறைஞ்சது.

இந்த வேலைக்கு அவங்க தன்னார்வலர்களைத் தேடிப் பிடிச்சுப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. நமக்கு? மகள், மருமகள், பேரன்னு நாலு பேர் வாசல்லயே பாய் விரிச்சு உக்காந்திருக்காங்க. நாம செக்யூரிட்டியை வச்சு அவங்களைத் துரத்திட்டு இருக்கோம்.

கூட்டம் சேர்ந்தா தொற்று பரவும், நர்ஸுங்க வேலை செய்ய முடியாதுன்னு சொல்வாங்க. உண்மைதான், நானும் வார்டுல வேலை பார்த்தவன். நான் கேட்கிறது கூட்டத்துக்கு அனுமதி இல்லை. 70 வயசு தாண்டின ஒவ்வொரு ஆபரேஷன் நோயாளிக்கும் தெரிஞ்ச முகம் ஒண்ணு, பகலும் ராத்திரியும், ஐசியூ உட்பட. கை கழுவ, என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாதுன்னு பத்து நிமிஷம் சொல்லிக் கொடுத்து உள்ளே விடுங்க. ஒரு நர்ஸ் முப்பது பேரைப் பார்க்கிற வார்டுல அவங்க தொந்தரவா, உதவியா?

இந்தியாவிலேயே முதியோர் மருத்துவத்துக்குன்னு தனிப் பிரிவு முதல்ல ஆரம்பிச்சது நம்ம சென்னை ஜி.எச்.லதான், 1978-ல, டாக்டர் வி.எஸ்.நடராஜன் முயற்சியால. 2024-ல கிண்டியில முதியோருக்குன்னே தேசிய மையம் திறந்தாச்சு. பெருமைதான். ஆனா இடுப்பு முறிஞ்ச பாட்டி படுத்திருக்கிறது ஆர்த்தோ வார்டுல. முதியோர் மருத்துவர் அந்த வார்டுக்குத் தினம் வந்து பார்த்தா என்ன ஆகும்னு பாஸ்டன்ல 126 பேரை வச்சுப் பார்த்தாங்க, 2001-ல. டெலிரியம் 50 சதவீதத்துல இருந்து 32 ஆச்சு. ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரிக்கும் முதியோர் மருத்துவர் உடனே கிடைக்க மாட்டார், தெரியும். ஆனா "மக்களைத் தேடி மருத்துவம்" 2021-ல இருந்து வீடு வீடா போய் பிபி, சுகர் மாத்திரை கொடுத்துட்டு இருக்கு. அந்தத் தங்கச்சியே வருஷம் ஒரு தடவை காதையும் கண்ணையும் ஞாபகசக்தியையும் பார்த்து அந்த அட்டையில குறிச்சு வைக்கலாமே. என்னைக்காவது பாட்டி வழுக்கி விழுந்தா அந்த அட்டைதான் ஃபிட்னஸ் பேப்பர்.

அது வர்ற வரைக்கும் நீங்க செய்யக்கூடியது. கண்ணாடி, காது மிஷின், பல் செட் மூணும் தியேட்டர்ல இருந்து வெளிய வந்த உடனே திரும்ப மாட்டிடணும். தினம் கிழிக்கிற நாள் காலண்டர் ஒண்ணு, பெரிய எழுத்துக் கடிகாரம் ஒண்ணு கட்டிலுக்கு எதிர்ல. பகல்ல ஜன்னல் திறந்திருக்கட்டும், ராத்திரி லைட்டைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்க. டாக்டர் சரின்னா சீக்கிரமா உக்கார வச்சு நடக்க வைங்க.

அப்புறம் ஹார்லிக்ஸ் பாட்டிலோட வர்ற சொந்தக்காரங்க. கட்டிலைச் சுத்தி நின்னு ஒவ்வொருத்தரா "பெரிப்பா, நான் யாரு சொல்லுங்க பார்க்கலாம்? என்னைத் தெரியுதா?" இது ஒரு சித்திரவதை. பதில் தெரியாம அவர் இன்னும் பதறுவார். பரீட்சை வைக்காதீங்க. நீங்களே சொல்லிடுங்க: "பெரிப்பா, நான் உங்க தம்பி பொண்ணு. நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க. இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சுது. இன்னைக்கு புதன்கிழமை." எறும்பு ஊறுதுன்னா "எங்க இருக்கு எறும்பு, பொய் சொல்றீங்க"ன்னு வாதாடவும் வேணாம், இல்லாத எறும்பை நசுக்கவும் வேணாம். "நான் பக்கத்துலதான் இருக்கேன், ஒண்ணும் ஆகாது"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா போதும்.

பெரும்பாலானவங்க சில நாள்ல, சில வாரத்துல தெளிஞ்சிடுவாங்க. சிலருக்கு மாசக் கணக்காகும். சிலர் பழைய நிலைமைக்கு முழுசா வர்றதில்லை, ஏற்கெனவே இருந்த மறதி வேகமாகும். அதனாலதான் இவ்வளவு எழுதுறேன். அந்த இடைப்பட்ட காலத்துல பத்திரம், உயில், பேங்க் பேப்பர்னு எதுலயும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்காதீங்க. அவர் உங்களைத் திட்டினதையும் கணக்குல வச்சுக்காதீங்க. தெளிஞ்ச பிறகு பல பேருக்கு அந்த ராத்திரிகள் துண்டு துண்டா ஞாபகம் இருக்கும். வேட்டி அவுந்தது, நர்ஸை அடிச்சது எல்லாம். கூனிக் குறுகிப் போயிடுவாங்க. சிரிச்சுக்கிட்டே வீட்டுல எல்லார் முன்னாடியும் அந்தக் கதையைச் சொல்லாதீங்க.

"எங்க அம்மாவுக்குப் போன வருஷம் ஒரு முட்டி மாத்தினப்போ இப்படி வந்துச்சு. இப்போ இன்னொரு முட்டிக்கு ஆபரேஷன் சொல்றாங்க. பண்ணலாமா?"ன்னு கமென்ட்ல யாராவது கண்டிப்பா கேட்பீங்க. பொதுவா பண்ணலாம். ஆனா ஒரு தடவை வந்தவங்களுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம்ங்கிறதால முதல் நாளே மயக்க டாக்டர்கிட்டயும் சர்ஜன்கிட்டயும் அதைச் சொல்லணும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்க. இம்ப்ளான்ட் கம்பெனி பேர், சைஸ், தையல் பிரிச்ச தேதி எல்லாம் இருக்கும், அந்த மூணு ராத்திரியைப் பத்தி ஒரு வார்த்தையும் இருக்காது. அடுத்த தடவை டிஸ்சார்ஜ் ஆகும்போது கவுன்டர்ல பணம் கட்டறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டு, "ஆபரேஷனுக்குப் பின் டெலிரியம், இத்தனை நாள்"னு அந்தத் தாள்லயே எழுதி வாங்கிக்கோங்க.